ஆறால் வகுபடும் பிள்ளை

திருமாறனின் கல்யாணம் ஒரு கூட்டல் கணக்கில் வந்து நின்றது.

கணக்கைப் போட்டவர் பெண்ணின் பெரியப்பா அஸ்வந்த். பெயரைக் கேட்டு வாலிபர் என்று நினைத்துவிடக் கூடாது. எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர். அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் பெயர் வைத்துத் தொலைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பல் போன அஸ்வந்துகளும் ரித்தீஷ்களும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் காலத்தில்தான் திருமாறன், அங்கயற்கண்ணி என்று பெயர்கள் பழையபடி வீடு திரும்பின.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரே பொழுதுபோக்கு, அடுத்தவர் பிறப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பது.

பிறப்பெண் நல்ல எண்ணத்தில் பிறந்தது. சாதி ஒழிய வேண்டும் என்று அரசாங்கம் அப்பா பெயர், ஊர்ப் பெயர், இனிஷியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆளுக்கோர் எண் கொடுத்தது. ஒவ்வொருவர் பேரிலும் ஆணையத்தில் ஒரு ரகசியப் பகா எண் இருக்கும், முந்நூறு இலக்க நீளத்தில். பிள்ளை பிறந்தால் அம்மாவின் பகா எண்ணையும் அப்பாவின் பகா எண்ணையும் பெருக்குவார்கள். பெருக்குவது கண் மூடித் திறக்கும் நேரத்து வேலை. பெருக்கி வந்ததை மறுபடி பிரிப்பதற்கு உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் சூரியன் அணைந்துவிடும். ஆகவே இன்னார் இன்னார் பிள்ளை என்று எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் வேண்டுமே என்று, கடைசியில் தலைச்சனுக்கு இரண்டாலும், அடுத்ததற்கு மூன்றாலும், அதற்கும் அடுத்ததற்கு ஐந்தாலும் இன்னொரு பெருக்கல். அண்ணனை ஒன்றரையால் பெருக்கினால் தம்பி.

சாதி ஒழிந்ததா என்றால், வீடு மாற்றிக்கொண்டது. பெரிய காரணிகளை யாராலும் பார்க்க முடியவில்லை. ஆனால் சின்னக் காரணி பல்லைக் காட்டியது. இரட்டைப்படையில் முடிந்தால் தலைச்சன். ஐந்தில் முடிந்தால் மூன்றாவது. இலக்கங்களைக் கூட்டிய தொகை மூன்றால் வகுபட்டால் இரண்டாவது. ஜனங்களுக்கு இது போதாதா? ‘இரட்டைப்படை வரன் தேவை, ஐந்தில் முடிவோர் தவிர்க்கவும்’ என்று விளம்பரம் வர ஆரம்பித்துவிட்டது.

கல்யாணப் பெண் அங்கயற்கண்ணி பல் டாக்டர். எதையும் ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். மத்தியான இடைவேளையில் திருமாறன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கே வந்து, வேப்பமரத்தடியில் நிற்கவைத்துச் சொன்னாள்.

“மாறா, உன் நம்பர் மூணால வகுபடுதாம்.”

“என் நம்பர் நாலுல முடியுது அங்கை. ரெட்டைப்படை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது எப்படி மூணால வகுபடும்?”

“அதைத்தான் பெரியப்பாவும் கேக்கறாரு. ரெண்டாலயும் போகுது, மூணாலயும் போகுது. ஆறு.”

“தப்பாக் கூட்டியிருப்பாரு.”

“மூணு தடவை கூட்டிட்டாரு. மூணாவது தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு.”

“அதுக்கு முன்னாடி?”

“அப்பவும் வகுபட்டுச்சு.”

திருமாறன் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். மூன்றால் வகுபடும் விதியை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். தன் எண்ணை மட்டும் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் இருப்பதுபோல என்று அங்கை சொன்னாள். அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கூட்டினான். மீதி பூச்சியம்.

ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் தலைச்சனாகவும் இரண்டாவதாகவும் பிறக்க முடியாது. பெரிய எண்களுக்குள் ஒரு மூன்று தற்செயலாக ஒளிந்திருக்கவும் வழியில்லை. பகா எண் என்றாலே உள்ளே வேறு யாருக்கும் இடமில்லை என்றுதானே அர்த்தம். அப்படியானால் எண் போலி. போலி எண்காரனுக்குக் கல்யாணப் பதிவு கிடையாது. பெரியப்பா அதைத்தான் ரொம்ப மரியாதையாக, பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டாம் என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்.

பிறப்பெண் ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் திருச்சி கண்டோன்மென்டில் இருந்தது. அதிகாரி கனிஷ்கா மேடம் அவன் அட்டையைக் கருவியில் வைத்துவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

“ஆமா சார். உங்களுது ஆறுதான்.”

“அது எப்படி மேடம் ஆகும்?”

“ஆகாது. ஒண்ணு, யாரோ மோசடி பண்ணியிருக்கணும். இல்ல, யாரோ பாவம் பாத்திருக்கணும். எங்க சட்டத்துல ரெண்டுக்கும் ஒரே பிரிவுதான்.” திரையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடி, இதே அப்பா அம்மாவுக்கு ஒரு நம்பர் போயிருக்கு. பெண் குழந்தை. ரத்து.”

“ரத்துன்னா?”

“பேர் பதியறதுக்கு முன்னாடி தவறிட்டா ரத்து சார். விதி ஏழு. அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லைன்னு கணக்கு. அடுத்த பிள்ளைதான் தலைச்சன். உங்களுக்கு ரெண்டு மட்டும் போட்டிருக்கணும். மூணையும் சேத்துப் போட்டுட்டாங்க.”

திருமாறன் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அக்கா இருந்தாள் என்பதையும், இருக்கவே இல்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் அரசாங்கத்தில்தான் கிடைப்பார்.

“இப்ப என்ன பண்ணணும்?”

“மூணால ஒரு வகுத்தல், அவ்வளவுதான். நீங்களும் அம்மாவும் வந்து கைரேகை வச்சா போதும். பழைய நம்பர் ரத்தாகும், புது நம்பர் வந்துடும். வேணாம்னா பிழை எண்ணுன்னு அப்படியே நிக்கும். எதையும் பதிய முடியாது.”

“மூணை எடுத்துட்டா, எனக்கு முன்னாடி யாருமே இல்லைன்னு ஆயிடும்.”

“இப்பவும் இல்லைதானே சார்,” என்றார் கனிஷ்கா மேடம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விதி அப்படி.

அவன் அம்மா தன்யஸ்ரீ பொன்மலையில் கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு இருவர் மட்டும்தான் வீட்டில். சிக்னல் விழுந்தால்தான் அவளிடமிருந்து பேச்சு கிளம்பும். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அவள் பாட்டு என்று ஒன்றும் பாடியதில்லை. டியூட்டி இல்லாத மத்தியானங்களில் அவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே எண்களை ராகம் போட்டுச் சொல்வாள். ‘ரெண்டு ஏழு ஒண்ணு நாலு, பூஜ்யம் ஒம்பது எட்டு ஆறு’ என்று அது ஆரம்பித்து வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியாது. நூறு பெட்டி கடப்பதற்குள் தூங்கிவிடுவான். தாலாட்டிலேயே எண் கேட்டு வளர்ந்ததால்தான் கணக்கு வாத்தியார் ஆனேன் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அதை யாரும் நம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஒரு அக்கா இருந்தாளாம்மா?”

கத்தி நிற்கவில்லை. இரண்டு மூன்று காய் ஆன பிறகு பதில் வந்தது.

“இருந்தா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“என்னன்னு சொல்றது? ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கே வரல. பேர் வைக்கல. உங்கப்பா நல்ல தமிழ்ப் பேரா வைக்கணும்னு தேடிக்கிட்டே இருந்தாரு. அவரு ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள இவ முடிவு பண்ணிட்டா.” இன்னொரு காயை எடுத்தாள். “நம்பர் மட்டும் பொறந்த உடனே கையில கட்டிட்டாங்க. நர்ஸுங்க அதை வச்சுத்தான் கூப்பிட்டாங்க. பேருன்னா அவளுக்கு அதுதான்.”

“எனக்கு ஏம்மா ஆறு வந்துச்சு?”

“நீ பொறந்தப்ப, இவன் ரெண்டாவது பிள்ளை, மூணு போடுங்கன்னு சொன்னேன். கம்ப்யூட்டர் ரெண்டு இல்லாம மூணை எடுக்காதுக்கான்னு நம்பர் போடற தம்பி சொல்லுச்சு. முதல் பிள்ளை ரத்து, இவனுக்கு ரெண்டுதான் வரும்னுச்சு. ரெண்டு மட்டும் போடக் கூடாதுன்னு நான் அழுதேன். அந்தத் தம்பி கதவைச் சாத்திட்டு வந்து ரெண்டையும் போட்டுக் குடுத்துச்சு. ஆறுன்னு வந்திருக்குக்கா, ஆறிடும்னுச்சு.”

“ஆறுச்சா?”

“இதுக்குத் தேங்காய் போடவா, பருப்பு போடவா?”

திருமாறன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். தூரத்தில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி அடங்கியது. “மூணை எடுக்கச் சொல்றாங்கம்மா. நான் எடுக்கப் போறதில்ல. அவளுக்குன்னு உலகத்துல இருக்கறது என் நம்பருக்குள்ள இருக்கற அந்த ஒரு தடயம்தான். கல்யாணம் நின்னா நிக்கட்டும்.”

“எதால வகுக்கச் சொல்றாங்க? ரெண்டாலயா, மூணாலயா?”

“மூணாலதான். ஏன்?”

அப்போதுதான் கத்தி நின்றது. அம்மா நறுக்கிய காய்களைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு மறுபக்கமாக ஒதுக்கினாள்.

“அப்ப வகுத்துக்க.”

“அவளை அழிக்கச் சொல்றியா?”

“வகுத்துக்கடா. நானும் வந்து ரேகை வைக்கறேன்.”

அவன் அன்று சாப்பிடவில்லை. பெற்றவளுக்கே வேண்டாமென்றால் பார்க்காத தம்பிக்கு என்ன வந்தது என்று ஒரு கோபம். வயசானால் பிள்ளைப் பாசம்கூடப் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்போல என்று நினைத்தான். நினைத்துவிட்டு, அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அங்கையின் ஆஸ்பத்திரி வாசலில் கரும்பு ஜூஸ் குடிக்கும்போது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். அவள் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நீ ஆறோடவே இரு மாறா. நான் கட்டிக்கறேன். பெரியப்பா ஆறு மாசம் பேசமாட்டாரு. எங்க வீட்டுல அதை எல்லாரும் கஷ்டம்னு சொல்லமாட்டாங்க.”

“நெஜமாத்தான் சொல்றியா?”

“நெஜமா. பதிய மாட்டாங்க, அவ்வளவுதான். பதியலைன்னா உன் காரணியும் என் காரணியும் பெருக்க மாட்டாங்க. நம்ம பிள்ளைக்கு நம்பர் வராது.” குழலை வாயிலிருந்து எடுத்தாள். “உங்கக்காவுக்கு நம்பராவது இருந்துச்சு.”

அவள் குத்திக்காட்டவில்லை. பல்லைத் தட்டினால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த கை. வலித்த இடத்திலிருந்து உடனே எடுத்துவிட்டாள். “உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்,” என்று சொல்லி, அவன் டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்தாள்.

அவன் வகுப்பதென்று முடிவு செய்தான். பிறக்காத பிள்ளைக்காக, பிறக்கவே இல்லை என்று சொல்லப்பட்டவளை விடுவது. இல்லாத இரண்டு பேருக்கு நடுவில், இருக்கிற ஓர் ஆள் என்ன செய்ய முடியும்?

கண்டோன்மென்ட் அலுவலகத்தில் அம்மா இஸ்திரி போட்ட புடவையில் வந்து உட்கார்ந்தாள். கருவியில் முதலில் அவன் விரல் வைத்தான். அம்மாவின் விரல் ரேகை ரயில் கைப்பிடியில் தேய்ந்து போயிருந்ததால் நான்கு தடவை வைக்க வேண்டியிருந்தது. ‘வகுத்தல் முடிந்தது. மீதி: பூச்சியம்’ என்று திரை சொன்னது. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. அதனிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

கனிஷ்கா மேடம் புது அட்டையை எடுத்தார். “முதல் எட்டு இலக்கம் வாசிக்கறேன் சார். அட்டையில சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. ரெண்டு. ஏழு. ஒண்ணு. நாலு.”

“பூஜ்யம்,” என்றான் திருமாறன்.

மேடம் நிமிர்ந்தார்.

“ஒம்பது. எட்டு. ஆறு.”

“எங்கே பாத்தீங்க? இன்னும் அட்டையை உங்ககிட்ட குடுக்கவே இல்லையே.”

அவன் கை நீட்டி வாங்கிக்கொண்டான். பொடி எழுத்தில் அறுநூற்றுச் சொச்சம் இலக்கங்கள். கண் ஓர் இலக்கத்துக்குப் போவதற்கு முன்பே வாய் அங்கே போய் நின்றது. ராகம்கூட வந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி, நான்காவது வரி. ஐந்தாவதில் எங்கேயோ வாய் நின்றுவிட்டது. அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. அந்த இடம் வருவதற்குள் அவன் எப்போதும் தூங்கியிருப்பான்.

பக்கத்து நாற்காலியில் அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்திய இடத்திலிருந்து அவள் உதடு மட்டும் அசைந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. தலைச்சனுக்கு இரண்டு. அதே அம்மா, அதே அப்பா, அதே இரண்டு. மூன்றால் வகுத்தால் மிஞ்சுவது அக்காவுடைய எண்ணேதான், ஓர் இலக்கம் மாறாமல். ஆறாம் வகுப்புக் கணக்கு. அவன் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடப் போட்டிருக்கும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். ஓட்டும் ஆளில்லா ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. ஆள் இருந்த காலத்துப் பழக்கத்தை விடாமல் நிறுத்தத்தில் நிற்காமல் போனது.

“அது அவ நம்பர்னு உனக்குத் தெரியும்,” என்றான்.

“தெரியும்.”

“ரெண்டு மட்டும் போடக் கூடாதுன்னு அழுதது அதுக்குத்தானா?”

“பின்ன? அவகிட்ட இருந்தது அது ஒண்ணு. அதையும் உருவி உனக்குக் குடுக்க அப்ப மனசு வரல. பச்சப்புள்ள, அவளே வச்சுக்கட்டும்னு இருந்தேன்.” அம்மா செருப்பிலிருந்த கல்லை உதறினாள். “இத்தனை வருஷமாச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் ஏன்னு கேக்கல. இனிமே எங்கேயாவது அந்த நம்பரைக் கூப்பிட்டா, ஒரு ஆளு திரும்பிப் பாப்பான்ல.”

அவனுக்கு மத்தியான வெயில், மடி, முதுகில் தட்டும் கை எல்லாம் ஞாபகம் வந்தன. அவன் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே பாட்டில் அவனைப் பற்றி ஓர் இலக்கம்கூட இருந்திருக்கவில்லை. வேறொரு பிள்ளையைக் கூப்பிட்ட குரலில் இவன் தூங்கியிருக்கிறான். அதற்காக அம்மாவிடம் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தான். முறை எதுவும் தெரியவில்லை.

புது எண்ணைப் பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டே கூட்டினார். மூன்றால் போகவில்லை, மீதி வந்தது. “இப்பதான் சுத்தமா இருக்கு மாப்பிள்ளை,” என்று அவன் தோளில் தட்டினார்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம் அதிகம். மாலையும் கழுத்துமாக ஆறேழு ஜோடிகள், விசிறிக்கு நேர்க்கீழே இடம் பிடிக்கச் சண்டை. அங்கை அவன் மாலையிலிருந்து சம்பங்கியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். பதிவாளர் மைக்கில் வரிசையாக எண்களைக் கூப்பிட்டார். முதல் எட்டு, கடைசி நாலு. “ரெண்டு ஏழு ஒண்ணு நாலு, பூஜ்யம் ஒம்பது எட்டு ஆறு. முடிவு நாலு நாலு ஒண்ணு எட்டு.”

கூட்டத்தின் பின்வரிசையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

திருமாறன் எழுந்து நின்றான். தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் அவனிடம் சொல்லும் வார்த்தைதான் வாயில் வந்தது.

“உள்ளேன்.”

அறையில் சிரிப்பு எழுந்தது. “இது ஸ்கூல் இல்ல சார்,” என்றார் பதிவாளர், “முன்னாடி வாங்க.” அங்கை சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கைப்பேசி துடித்தது. ஆணையத்திலிருந்து செய்தி. ‘தங்கள் முந்தைய எண் விதி ஏழின்கீழ் ரத்து செய்யப்பட்டது. அவ்வெண்ணுக்குரிய நபர் பிறக்கவில்லை எனக் கருதப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ ஒத்துழைப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை படித்துவிட்டு, போனை அம்மாவிடம் காட்டினான். அம்மா படித்தாள். திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பொன்மலைக்குத் திரும்பும் வேனில் அங்கை ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன் சீட்டில் பெரியப்பா யாரோ ஒருவரின் எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. பழைய ராகம்தான். கேட்க வேண்டாம் என்றுதான் திருமாறன் முதலில் முகத்தைத் திருப்பினான். ஆனால் எண்கள் மாறியிருந்தன.

“எட்டு ஒண்ணு நாலு ரெண்டு, ரெண்டு ஒம்பது அஞ்சு எட்டு.”

அது அவன் எண். காலையில் ரத்தானது. அவள் அதையும் எப்போதோ மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இருக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்பதால் இத்தனை நாள் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பட்டு வேட்டி கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் சரிந்து, அவன் தலையை அம்மாவின் தோளில் வைத்தான். அவள் கை தானாக அவன் முதுகைத் தட்ட ஆரம்பித்தது. கல்யாண அலுப்பு, சரியான தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அவன் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டான். அறுநூற்றுச் சொச்சம் இருந்தது. இந்தத் தடவை கடைசி நாலு வரை கேட்டுவிட வேண்டும்.